பட்டதாரிக்கு இரண்டு ஓட்டு

பிரிட்டனில் 1950 வரைக்கும் சிலருக்கு இரண்டு ஓட்டு இருந்தது. கள்ள ஓட்டு இல்லை, சட்டப்படியே இரண்டு. ஒன்று குடியிருக்கும் ஊருக்கு. இன்னொன்று பட்டம் வாங்கிய பல்கலைக்கழகத்துக்கு. ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு லண்டனில் வீடெடுத்துத் தங்கியிருக்கும் ஒருவர், லண்டனில் தன் வட்டாரத்து வேட்பாளருக்கும் போடலாம், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் சார்பில் நாடாளுமன்றத்துக்கு நிற்பவருக்கும் போடலாம். அவர் வீட்டில் சமைப்பவருக்கு ஓர் ஓட்டு. அவருக்கு இரண்டு.

பல்கலைக்கழகத் தொகுதி என்று இதற்குப் பெயர். நிலமே இல்லாத தொகுதி. எல்லைக்கோடு, சாலை, சந்தை, ஆறு எதுவும் கிடையாது. பட்டதாரிகளின் பெயர்ப்பட்டியல்தான் தொகுதி. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இரண்டிரண்டு இடம் கொடுத்து இதை ஆரம்பித்து வைத்தார். 1922க்குப் பிறகு மொத்தம் 12 இடங்கள். வாக்குச்சீட்டு தபாலில் வரும், தபாலில் திரும்பிப் போகும். பிரச்சாரமும் பெரும்பாலும் கடிதம் வழியாகத்தான். வீடு வீடாகப் போய்க் கும்பிட வேண்டியதில்லை.

நான் இதைத் தேடிப் போகவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர் யார் என்று பார்க்கப் போனேன். 1949 அக்டோபரில் அந்தப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தொடங்கியபோது வேந்தராக இருந்தவர் மால்கம் மெக்டொனால்ட், தென்கிழக்காசியாவுக்கான பிரிட்டிஷ் தலைமை ஆணையர். அவருடைய அப்பா ராம்சே மெக்டொனால்ட், பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமர். அப்பாவின் கடைசித் தேர்தல் ஒரு பல்கலைக்கழகத் தொகுதியின் இடைத்தேர்தல் என்று அங்கே ஒரு வரி இருந்தது. அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

*

ராம்சே மெக்டொனால்ட் 1866இல் ஸ்காட்லாந்தின் லாசிமவுத் என்ற மீனவ ஊரில் பிறந்தவர். அம்மா பண்ணை வீட்டில் வேலை செய்தவர். அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் வாங்காதவர். அந்த இடத்திலிருந்து புறப்பட்டு 1924இல் பிரதமரானார். 1929இல் மறுபடியும் பிரதமர். 1931 பொருளாதார நெருக்கடியில் கன்சர்வேட்டிவ்களோடு சேர்ந்து தேசிய அரசு அமைத்தார். அவர் வளர்த்த தொழிற்கட்சியே அவரை வெளியேற்றியது.

அவருடைய தொகுதி அப்போது சீஹம். டர்ஹம் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். 1935 நவம்பர் பொதுத்தேர்தலில் அந்தத் தொழிலாளர்கள் பழைய பிரதமரைத் தோற்கடித்தார்கள். சாதாரணத் தோல்வி இல்லை. தொழிற்கட்சியின் இமானுவேல் ஷின்வெல்லுக்கு 38,380 ஓட்டு, மெக்டொனால்டுக்கு 17,882. வித்தியாசம் இருபதாயிரத்துக்கும் மேல்.

ஆனால் அவர் அமைச்சரவையில் தொடர வேண்டும் என்று அரசு நினைத்தது. அதற்கு ஒரு தொகுதி வேண்டும். அந்த நேரத்தில் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் கூட்டுத் தொகுதியில் ஓர் இடம் காலியாக இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபர்டீன், எடின்பரோ ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகளுக்கும் சேர்த்து மூன்று உறுப்பினர்கள். அதில் ஒருவரான நோயல் ஸ்கெல்டன், தேர்தல் முடிவு வருவதற்கு முன்பே 1935 நவம்பரில் இறந்துபோனார். இறந்த பிறகுதான் அவர் ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது. அவருடைய இடத்துக்கு 1936 ஜனவரி 27 முதல் 31 வரை இடைத்தேர்தல்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பல்கலைக்கழகத் தொகுதிகளே கூடாது என்பது தொழிற்கட்சியின் நெடுநாள் கொள்கை. 1931இல் மெக்டொனால்ட் பிரதமராக இருந்தபோது அவருடைய அரசு கொண்டுவந்த தேர்தல் மசோதாவில், இந்தத் தொகுதிகளை ஒழிக்கும் ஒரு பிரிவு இருந்தது. மக்களவையில் மிகச் சில ஓட்டுகளில் அது தோற்றது. அன்றைக்கு அது ஜெயித்திருந்தால், 1936இல் மெக்டொனால்டுக்கு நிற்பதற்கு இந்த இடமே இருந்திருக்காது.

நின்றார். மெக்டொனால்டுக்கு 16,393 ஓட்டு. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் டூவர் கிப், கிளாஸ்கோவில் சட்டப் பேராசிரியர், 9,034. தொழிற்கட்சி வேட்பாளருக்கு 3,597. பட்டம் இல்லாத மனிதர் பட்டதாரிகளின் ஓட்டில் நாடாளுமன்றத்துக்குத் திரும்பினார். மறுவருஷம் நவம்பரில், கப்பல் பயணத்தில் இறந்துபோனார். அந்த இடத்துக்கு மறுபடியும் இடைத்தேர்தல். இந்த முறை பட்டதாரிகள் தேர்ந்தெடுத்தது, வங்காளத்தின் கவர்னராக இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த ஜான் ஆண்டர்சனை.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்த இரண்டு மாத இடைவெளியைத்தான். நவம்பரில் சுரங்கத் தொழிலாளர்கள் 'வேண்டாம்' என்றார்கள். ஜனவரியில் பட்டதாரிகள் 'வேண்டும்' என்றார்கள். பட்டதாரிகள் சொன்னதுதான் கடைசியில் நின்றது. சுரங்கத்துக்காரர்களின் தீர்ப்பு சீஹத்துக்கு மட்டும், பட்டதாரிகளின் தீர்ப்பு நாட்டுக்கு.

*

இதற்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1861இல் எழுதிய அரசாட்சி பற்றிய நூலில், படித்தவர்களுக்குக் கூடுதல் ஓட்டு கொடுக்கலாம் என்று வாதாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டே கூடாது என்பதும் அதே நூலில் இருக்கிறது. அவர் கெட்ட மனிதர் இல்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு நாடாளுமன்றத்தில் பேசியவர். எல்லோருக்கும் ஓட்டு வந்துவிட்டால், எண்ணிக்கையில் அதிகமானவர்கள் அறிவை அமுக்கிவிடுவார்கள் என்பது அவர் பயம்.

பல்கலைக்கழகத் தொகுதிகள் நல்லவர்களையும் அனுப்பியிருக்கின்றன. ஆங்கிலப் பல்கலைக்கழகங்களின் கூட்டுத் தொகுதியிலிருந்து போன எலினார் ராத்போன், குழந்தைகளுக்கான குடும்ப உதவித்தொகைக்காகப் பல வருஷம் போராடி 1945இல் சட்டமாக்க வைத்தார். அதே வருஷம் ஸ்காட்லாந்துத் தொகுதியின் இன்னோர் இடைத்தேர்தலில் ஜெயித்தவர் ஜான் பாய்ட் ஓர். பிரிட்டனின் ஏழைகளுக்குச் சத்தான சாப்பாடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்பதை 1936இலேயே கணக்கோடு எழுதிக் காட்டிய ஆய்வாளர். ஐநாவின் உணவு, விவசாய அமைப்புக்குத் தலைவரானார், 1949இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கினார். அவர் விலகிய இடத்துக்கு 1946 நவம்பரில் நடந்ததுதான் பிரிட்டனின் கடைசிப் பல்கலைக்கழகத் தொகுதி இடைத்தேர்தல். 1948 சட்டம் இரட்டை ஓட்டை ஒழித்தது.

பாய்ட் ஓர் பசித்தவர்களுக்காகப் பேசினார், சரி. ஆனால் பசித்தவர்கள் அவரை அனுப்பவில்லை. அவர் நன்றாகப் பேசியது அவருடைய குணம். அடுத்த முறை அதே பட்டதாரிகள் வேறு மாதிரி ஓர் ஆளை அனுப்பினால், பசித்தவர்கள் என்ன செய்ய முடியும்?

நம் பக்கத்திலும் இது இருந்தது. 1935 சட்டத்தின்படி அமைந்த மதராஸ் சட்டமன்றத்தில் 215 இடங்கள், அதில் ஒன்று பல்கலைக்கழகத் தொகுதி. 1937இல் அதில் நின்று ஜெயித்தவர் ராஜாஜி. அந்த வருஷம் ஜூலையில் பிரதமராகவும் ஆனார் (மாகாண முதல்வரை அன்று அப்படித்தான் சொன்னார்கள்). பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கி எதிர்ப்பைக் கிளப்பியதும் அந்த ஆட்சிதான். அவர் கட்சிக்குப் பெரும்பான்மை தந்தது மற்றத் தொகுதிகள், அதை மறுக்க முடியாது. ஆனால் தலைவர் தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது பட்டதாரிகளுக்கு மட்டும். பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய, கையெழுத்துப் போடத் தெரியாத ஓர் அப்பா அவரை நேரடியாகத் தோற்கடிக்க வழி இல்லை. இந்தியாவில் பட்டதாரித் தொகுதி இன்றும் இருக்கிறது. மேலவை உள்ள மாநிலங்களில் அதன் உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1986இல் மேலவையே போனதால் அதுவும் போயிற்று.

*

மலேசியாவில் இப்படி ஒரு தொகுதி சட்டத்தில் கிடையாது. எங்கள் வீட்டில் உண்டு.

எங்கள் ஊர் பாலோ. குளுவாங் மாவட்டத்தில், லாபிசுக்கும் குளுவாங்குக்கும் நடுவில், ரயில் பாதையோரத்துச் சின்ன ஊர். சுற்றிலும் செம்பனை. சட்டமன்றத்துக்குப் பாலோ தொகுதி, நாடாளுமன்றத்துக்குச் செம்புரோங். அப்பா தோட்டத்தில் குலை வெட்டினார், பிறகு லோரி ஓட்டினார். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதலில் பட்டம் வாங்கியவன் நான்தான். உள்நாட்டுப் பல்கலைக்கழகம், பொறியியல், பிடிபிடிஎன் கடன். இப்போது ஜொகூர் பாருவில் வேலை.

2016இல் நான் படிக்கப் புறப்பட்டபோது அம்மா சொன்னது இது: "போன எடத்துல கட்சி கிட்சின்னு யார் பின்னாடியும் போவாத. படிச்சோமா, வந்தோமான்னு இரு." நாலு வருஷம் கழித்துப் பட்டத்தோடு திரும்பினேன். அடுத்த தேர்தல் வந்தது. அதே அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டார்: "யாருக்குப் போடணும், சொல்லு."

இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. படித்து முடித்ததும் நான் சொல்வதற்கு வீட்டில் இருக்கும் எல்லோருடைய ஓட்டும் போய்விடும். நடுவில் ஒரு பட்டமளிப்பு விழா மட்டும்தான் நடந்தது.

அம்மா சொன்னது அம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அது இந்த நாட்டின் சட்டம். 1974 டிசம்பரில், ரப்பர் விலை விழுந்து பாலிங் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள் கஷ்டப்பட்டபோது, அவர்களுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள். பலர் கைதானார்கள். மறுவருஷமே பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் திருத்தி இறுக்கப்பட்டது. ஒரு மாணவர் எந்த அரசியல் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ எதுவும் சொல்லக் கூடாது. பால் வெட்டுகிறவனுக்காகப் படித்தவன் தெருவில் நின்றான்; அதன் பிறகு படிக்கிறவன் பேசக் கூடாது என்று ஆகிவிட்டது. எங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்குச் சட்டத்தின் பிரிவு எண் தெரியாது. பயம் மட்டும் பரம்பரையாக வந்து சேர்ந்திருந்தது.

அந்தச் சட்டம் ஒரு நாடாளுமன்ற இடைத்தேர்தலில்தான் மாட்டிக்கொண்டது. 2010 ஏப்ரல், உலு சிலாங்கூர். பிகேஆர் கட்சியின் உறுப்பினர் இறந்ததால் வந்த தேர்தல். தேசிய முன்னணி சார்பில் மஇகாவின் பி.கமலநாதன், எதிரே பிகேஆரின் சைட் இப்ராஹிம். தோட்டத்துத் தமிழர்கள் கணிசமாக இருக்கும் தொகுதி என்பதால் நம் வீடுகளிலும் அதைப் பற்றிப் பேச்சு இருந்தது. கமலநாதன் 1,725 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார், 2013இல் துணைக் கல்வியமைச்சரும் ஆனார். பிரச்சார நாள்களில் அந்தத் தொகுதிக்குள் இருந்ததற்காக மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் நான்கு மாணவர்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை வந்தது. நான்கு பேரும் படித்தது அரசியல் அறிவியல். தேர்தலைப் பற்றிப் படிக்கலாம், தேர்தல் நடக்கும் இடத்தில் நிற்கக் கூடாது.

அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், மூவரில் இருவர் என்ற கணக்கில், அந்தத் தடை பேச்சுரிமையைத் தரும் அரசியலமைப்பின் 10ஆவது பிரிவுக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. 2012இல் மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்று சட்டம் மாறியது. வளாகத்துக்குள் அரசியல் கூடாது என்ற மிச்சத் தடையை நீக்கும் திருத்தம் 2018 டிசம்பரில் நிறைவேறியது. அப்போது நான் மாணவன். பலகையில் ஒன்றும் மாறவில்லை. நாங்கள் பேசாமல் இருந்து பழகிவிட்டிருந்தோம்.

ஒரு நாட்டில் பல்கலைக்கழகம் போனவனுக்குக் கூடுதல் ஓட்டு. இன்னொரு நாட்டில் பல்கலைக்கழகத்தில் இருப்பவனுக்கு வாய்ப்பூட்டு. முதலில் எதிரெதிராகத் தெரிந்தது. யோசிக்க யோசிக்க இரண்டும் ஒரே எண்ணத்தின் இரண்டு முகம் என்று பட்டது. படித்தவன் ஊர்க்காரன் இல்லை, வேறு ஜாதி. அவனை ஊரோடு சேர்க்கக் கூடாது. ஒன்று மேலே தூக்கி வை, இல்லையென்றால் பூட்டி வை.

*

2022 மார்ச் 12, ஜொகூர் சட்டமன்றத் தேர்தல். 2019இல் மக்களவையில் 211 பேரும் ஒருமனதாக ஆதரித்த 18 வயது ஓட்டுரிமை முதன்முதலில் நடைமுறைக்கு வந்த தேர்தல் அது. பதிவும் தானாகவே நடந்துவிட்டது. எனக்கும் அதுதான் முதல் ஓட்டு. 2018 பொதுத்தேர்தலில் எனக்கு 21 ஆகியிருக்கவில்லை. சித்தி பையனுக்கு 18 முடிந்து சில மாதம்தான். எஸ்பிஎம் முடித்துவிட்டுக் குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் எல்லோரும் இருந்தோம். சித்தி கேட்டார், "தம்பி, நீ படிச்சவன். நீ யாரச் சொல்றியோ அவங்களுக்கே நாங்க எல்லாரும் போட்டுர்றோம். என்ன சொல்ற?" அவர் பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ சும்மா இரு, ஒனக்கு என்ன தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை. "நீங்க யாருக்குப் போடலாம்னு நெனக்கிறீங்க சித்தி?" என்று கேட்டேன். சித்திக்குச் சிரிப்பு வந்தது. என்னமோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. பிறகு மெல்லப் பேச ஆரம்பித்தார். வெள்ளம் வந்தபோது எந்தக் கட்சிக்காரர் முதலில் வந்தார், எந்தக் கட்சிக்காரர் படம் எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர் நின்றுபோன மாதம் யாரிடம் போய்ச் சொன்னார்கள், எத்தனை நாளில் வந்தது. பாட்டியின் மனுவை எழுதிக் கொடுத்த ஆள் யார், அதற்குக் காசு கேட்ட ஆள் யார். இருபது வருஷக் கணக்கு. வருஷம், மாதம், ஆள் பெயர் எல்லாம் சரியாக வந்தது. நான் அந்த வாரம் முழுக்கக் கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளைப் படித்திருந்தேன். அதில் ஒன்றிலும் இந்தக் கணக்கு இல்லை.

சித்தி நிறுத்தியதும் அவர் பையன் பேசினான். தொழிற்சாலையில் ஏஜெண்டு வழியாக எடுக்கும் ஆட்களுக்குச் சம்பளத்தில் என்ன பிடிக்கிறார்கள், ஓவர்டைம் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள், இதை எந்த வேட்பாளரும் பேசவில்லையே ஏன் என்று கேட்டான். அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்ட சித்தி இப்போது அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா, "அதெல்லாம் மாநிலத்துக்கு இல்லடா, பாராளுமன்றத்துக்கு" என்றார். அந்த ஒரு இடத்தில் நான் புகுந்தேன். மாநில அரசிடம் எது இருக்கிறது, மத்திய அரசிடம் எது இருக்கிறது, நிலம், தண்ணீர் எங்கே வரும், தொழிலாளர் சட்டம் எங்கே வரும் என்று சொன்னேன். அது எனக்குத் தெரிந்த விஷயம், சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

என் வேலையில் ஒரு தொட்டியின் வெப்பத்தை அளக்க ஒரே இடத்தில் இரண்டு உணரிகளை வைத்துவிட்டு, இரட்டிப்பாகத் தெரிந்துகொண்டோம் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும். தொட்டியின் அடியில், நடுவில், மேலே என்று தனித்தனியாக வைத்தால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். பட்டதாரிக்கு இரண்டாவது ஓட்டு கொடுப்பது முதல் உணரிக்குப் பக்கத்திலேயே இன்னொன்றை மாட்டுவது. சித்தியின் ஓட்டை நான் தீர்மானிப்பது அதைவிட மோசம். அடியில் இருக்கும் உணரியைக் கழற்றி எடுத்து மேலே மாட்டுவது.

மில் ஓட்டைப் பரீட்சை மாதிரி நினைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. சரியான விடை ஒன்று எங்கேயோ இருக்கிறது, அதைப் படித்தவன் சீக்கிரம் கண்டுபிடிப்பான். ஓட்டு அப்படி இல்லை. இந்த ஆட்சி என் வாழ்க்கையில் என்ன செய்தது என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்கும் அறிக்கை அது. சித்தியின் அறிக்கையை நான் எழுதிக் கொடுக்க முடியாது. சீஹம் சுரங்கத் தொழிலாளி கொடுத்த அறிக்கையைக் கிளாஸ்கோ பட்டதாரி திருத்தியது அதனால்தான் எனக்கு உறுத்துகிறது. அந்தத் தொழிலாளிகள் மெக்டொனால்டை நன்றாக அறிந்தவர்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்ற விவாதத்துக்கே நான் போகவில்லை. அவரோடு இருந்து, அவரை நம்பி, அவரால் என்ன கிடைத்தது என்று பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

ஓட்டுப் போட்ட நாளில் ஒன்றைக் கவனித்தேன். நம் வாக்குச்சாவடிகளில் சாலுரான் என்று வரிசை பிரிக்கிறார்கள் அல்லவா, அது வயதுப்படி. வயதானவர்கள் முதல் சாலுரானில், இளையவர்கள் கடைசியில். அப்பா முன் அறைக்குப் போனார். நானும் சித்தி பையனும் கடைசி அறை வாசலில், ஒருவர் பின்னால் ஒருவராக. அங்கே யாரும் பட்டத்தைக் கேட்கவில்லை. ஐசியைக் கேட்டார்கள், விரலில் மை வைத்தார்கள், சீட்டைக் கொடுத்தார்கள். எனக்கு ஒன்று. அவனுக்கு ஒன்று.

*

பாட்டி வரவில்லை. பாட்டிக்கு ஓட்டு இல்லை.

அம்மாவின் அம்மா. ஜொகூர் தோட்டம் ஒன்றில் சுதந்திரத்துக்கு முன்னால் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. சுதந்திரம் வந்த காலத்தில் பதிய வேண்டியதை யாரும் பதியவில்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு போக ஆளும் இல்லை, ஒருநாள் சம்பளத்தை விடவும் முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டினார். கையில் கடைசி வரை சிவப்பு ஐசி. எனக்குத் தெரிந்து நாலு தடவை மனுப் போட்டோம். ஒரு தடவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டு மலாயில் கேள்வி கேட்டார்கள். பாட்டிக்குச் சந்தை மலாய் நன்றாக வரும். மேசைக்கு முன்னால் உட்கார வைத்துக் கேட்டதும் வரவில்லை. திரும்பி வரும் வழியில், "நான் என்ன பரீட்சைக்கா படிச்சேன்?" என்றார்.

1955இல் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது 52 இடங்களுக்குப் போட்டி. பதிந்திருந்த வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் மலாய்க்காரர்கள். இந்தியர்கள் மிகச் சொற்பம். நாட்டில் இந்தியர் குறைவு என்பது மட்டும் அதற்குக் காரணம் இல்லை. பலருக்குக் குடியுரிமை இல்லை, இருந்தவர்களிலும் பலர் பதியவில்லை. அந்த விடுபட்டவர்களின் வரிசையில் கடைசியில் நின்றவர்களில் ஒருவர் எங்கள் பாட்டி. 2022 தேர்தல் நாளில் அவர் சித்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து எங்கள் விரல் மையைத் தொட்டுப் பார்த்தார். "போவுமா இது?" என்றார். "கொஞ்ச நாள்ல போயிரும் பாட்டி" என்றான் சித்தி பையன். போன வருஷம் அவர் இறந்தார்.

அம்மா எல்லாப் பத்திரத்தையும் ஒரே பிளாஸ்டிக் கோப்பில் வைத்திருக்கிறார். என் பட்டத்தின் நகல் அதில் இருக்கிறது. பாட்டியின் மனு ரசீதுகளும் அதில் இருக்கின்றன. ஒரே வீட்டில் ஒருத்தனுக்கு நாலைந்து ஓட்டின் கனம், ஒருத்தருக்கு ஒன்றும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே அளவுகோல்தான் செய்தது. எழுத்து தெரிந்தவனுக்கு ஏற்று, தெரியாதவருக்கு இறக்கு. மேலே இருக்கும் முனையில் என்னை உட்கார வைத்தால், கீழ்முனையில் பாட்டியை உட்கார வைத்ததையும் நான் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தான் அந்த இரண்டாவது ஓட்டு எனக்கு வேண்டாம்.

அதற்காகப் படித்தவன் ஒதுங்கிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அது அம்மாவின் பழைய பயத்துக்கே திரும்பிப் போவது. படித்ததால் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. மனு எழுதலாம். எந்தப் பாரம், எந்த ஆவணம், எந்த மொழி என்று சொல்லிக் கொடுக்கலாம். நேர்முகத்துக்கு முன்னால் ஒரு மாசம் கூட உட்கார்ந்து பேசிப் பழக்கலாம். எங்கள் தாமானில் சிவப்பு ஐசியோடு இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று சித்தி சொன்னார். அவர்களில் ஒருவரின் பழைய தோட்டத்துப் பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியாது. 2022இல் ஜொகூரில் ஓட்டுப் போட வந்தவர்கள் ஏறத்தாழ 55 விழுக்காடுதான். வராதவர்களில் என்னைப் போன்றவர்களும் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஒன்று இருந்தது. பாட்டி அந்த ஒன்றைக் கேட்டுத்தான் நாலு தடவை மனுப் போட்டார்.